காய்ச்சல்காரர் வீடு

“காய்ச்சலெண்டு எழுது, பிள்ளை.”

“பொய்யெல்லே மாமி? கோயிலிலை வாசிக்கிற ஜெபத் துண்டிலை எப்பிடிப் பொய் எழுதுறது?”

“நான் கண் மூடுமட்டும் எழுது. விசர் எண்டு தெரிஞ்சால் சனம் என்ர பிள்ளையைப் பைத்தியகார ஆஸ்பத்திரியிலை கொண்டுபோய் அடைக்கச் சொல்லும்.”

ஐந்து வருடத்துக்கு முந்திய பேச்சு. அதைச் சொன்ன மாமி இப்போது கூடத்தில் சவப்பெட்டிக்குள் இருந்தார். உள்ளறையில் மருமகள் குணவதி மண்டியிட்டு, கணவன் தியாகராசாவின் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். தாய் விடியற்காலையில் இறந்ததிலிருந்து அவன் ஒற்றைக் காலுறையோடு கட்டில் விளிம்பிலேயே இருந்தான்.

ஞாயிறுதோறும் ஆராதனையில் நோயாளிகளின் பெயர்களை வாசித்து உபதேசியார் ஜெபிப்பார். ‘தியாகராசா, காய்ச்சல்’ என்ற துண்டு தவறாமல் போனது. சபை நம்பியது. கொத்தமல்லிக் குடிநீர் வந்தது, கொயினா மாத்திரை வந்தது. சேராங்கூன் ரோட்டில் அவர்கள் வீட்டுக்குக் காய்ச்சல்காரர் வீடு என்றே பெயர். மாத்திரைகளைப் பின்பக்கச் சாக்கடைக் கானில் கொட்டிவிட்டு, மாமி மகனுக்குப் பக்கத்தில் இருந்து வேதப்புத்தகத்தில் சங்கீதம் வாசிப்பார். குணவதி மிஷன் பள்ளியில் தையல் படிப்பிக்கப் போகும் நேரமெல்லாம் அந்தக் குரல்தான் அவனைப் பிடித்து வைத்திருந்தது. மாமி நோயில் படுத்த வாரத்தில், ரொச்சோர் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவனை அடுத்த வீட்டு அம்பலவாணர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

திங்கட்கிழமை பள்ளி திறந்துவிடும். வீட்டில் யார் இருப்பார்?

“வாங்கோ, அம்மாவைப் பாப்பம்.”

“என்னாலை ஏலாது, குணம்.”

“ஏலாட்டிலும் வாங்கோ. நான் பிடிக்கிறன்.”

கூடத்தில் பாட்டு முடிந்திருந்தது. அவனைக் கண்டதும் உபதேசியாரின் மனைவி பதறினாள். “ஐயோ, காய்ச்சல்காரனை ஏன் எழுப்பினனீ? நல்லாய்ச் சாப்பிடுறான், நித்திரை கொள்ளுறான், காய்ச்சல் மட்டும் போகுதில்லை. என்ன காய்ச்சலோ இது!”

ஒருவர் இருமி, சிரிப்பை விழுங்கினார். தியாகராசா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல்கள் குணவதியின் கையை விடவில்லை.

உபதேசியார் கண்ணை மூடினார். “ஆண்டவரே, இந்த மகனுடைய காய்ச்சலை...”

“ஐயா, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ.”

மூடிய கண்களெல்லாம் திறந்து குணவதியைப் பார்த்தன. பேசாமல் இருந்துவிட்டால் பெட்டி பிடாதாரிக் கல்லறைக்குப் புறப்பட்டுவிடும். எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். குணவதி அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“இவருக்குக் காய்ச்சல் இல்லை, ஐயா. ஒருநாளும் இருந்ததில்லை. மனசிலைதான் வருத்தம். துண்டிலை பொய் எழுதினது நான். இனி உள்ளதைச் சொல்லி ஜெபம் பண்ணுங்கோ. ஜெபம் முடிஞ்சதும் எழும்பிப் போயிடாதேங்கோ. நான் பள்ளிக்குப் போற நேரத்திலை ஆராவது ஒராள் வந்து, இவருக்குப் பக்கத்திலை இருந்து சங்கீதம் வாசியுங்கோ.”