கிராங்க் தண்டில் ஒரு பொட்டு

தவராஜாவுக்குக் கோபம் வந்தால் மனைவியை அழைக்கும் ‘நீர்’ போய் ‘நீ’ வந்துவிடும். அன்று காலை தேநீர் ஆறுவதற்குள் வந்துவிட்டது.

“இண்டைக்குத்தானே உங்கட கிராங்கைப் பிரிக்கிறியள்? ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. ஆயுத பூசையண்டு அதிலையும் நான் ஒரு சந்தனப் பொட்டு வைச்சனான்,” என்றாள் சிவகலா, பெரிய உபகாரம் செய்தவளைப்போல.

“இரும்பிலையோ? பெட்டியிலை மட்டும் வையுமெண்டெல்லோ சொன்னனான்?”

“நீங்கள் தாள் எடுக்கப் போன நேரம் சுவர்ப் பக்கமா வைச்சனான். எல்லாம் உங்கட நல்லதுக்குத்தானே.”

அவன் தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தான். சுவிஸின் பிரியென்ஸ் ஏரியில் ஓடும் சுற்றுலாப் படகின் எஞ்சினைச் சீசன் முடிந்ததும் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். அதன் சுழல்தண்டான கிராங்க் தண்டைக் கழுவி, எண்ணெய் பூசி, துருத்தடுப்புத் தாளில் சுற்றிவைக்கும் பொறுப்பை முதலாளி ரூடி முதல்முறையாக அவனை நம்பிக் கொடுத்திருந்தார். மினுக்கிய இடத்தில் பொட்டளவு துரு பிடித்தாலும் போதும், நடு ஏரியில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். இவளோ ஈரச் சந்தனத்தை அப்பியிருக்கிறாள். அதன்மேல் தாளைச் சுற்றிக் குளிர்காலம் முழுக்கப் பூட்டிவைத்தவன் அவன்.

“நீயும் உன்ர பொட்டும். என்ர பிழைப்பிலை மண்ணள்ளிப் போட்டிட்டாய். கறள் பிடிச்சிருந்தால் நான் இனி அந்தப் பக்கம் தலைவைக்கேலாது.”

அவன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான்.

பட்டறையில் ரூடி பெட்டியைத் திறந்து, தாளை வெட்டத் தொடங்கியிருந்தார். பொட்டு முதலில் வெளியே வந்தது. தண்டின் எடைக்கட்டையில், மினுக்காத சொரசொரப்பான பக்கத்தில், காய்ந்து ஒட்டியிருந்தது.

“இது என்ன, கடுகுச் சாந்தா?” என்று கேட்டு ரூடி துணியால் துடைத்தார். எண்ணெயோடு வழித்துக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்தில் துரு இருந்தாலும் பாதகமில்லை. தவராஜாவுக்குப் போன உயிர் திரும்பிவந்தது.

ரூடி தண்டைப் புரட்டினார். கண்ணாடியாய் மினுங்க வேண்டிய இடத்தில் பழுப்பாக நாலு கீற்று, யாரோ விரல்களால் பற்றிப் பிடித்ததுபோல. அவர் நகத்தால் வருடினார். நகம் தடக்கியது.

“யாருடைய கை?”

தவராஜாவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. பூசையன்று பட்டறையில் சாமி கும்பிடும்போது கையுறையா என்று அதைக் கழற்றிவைத்தான். கழுவித் துடைத்த தண்டை வெறுங்கையால் பிடித்து, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்த வியர்வை உப்பின் மேல்தான் பக்தியோடு எண்ணெய் பூசினான். அவன் தன் வலது கையைக் குனிந்து பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. சிவகலா. குளிர்க்கோட்டுக்குக் கீழே இன்டர்லாக்கன் ஹோட்டல் சமையலறையின் ஏப்ரன்கூடக் கழற்றப்படவில்லை.

“தவறு என்னுடையது,” என்றாள் ரூடியிடம், தட்டுத்தடுமாறி ஜெர்மனில். “பூசைக்கு நான்தான் அதைத் தொட்டேன். இவருக்குத் தெரியாது. இவரை வேலையை விட்டு நிறுத்தாதீர்கள்.”

ரூடி தவராஜாவைப் பார்த்தார். “அப்படியா?”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைச் சுமக்க ஆள் தானாகவே பஸ் ஏறி வந்து நிற்கிறது. தலையை ஆட்டினால் போதும். ரூடி விரலை அளந்து பார்க்கிற ஆளுமில்லை. வெட்கக்கேடு, அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

“இல்லை,” என்றான் கடைசியில். “அது என் கை.”

ரூடி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது என்று அவனுக்குத் தோன்றியது. “தண்டை அரைத்து மினுக்க அனுப்ப வேண்டும். படகு பிந்தும். இனிப் பொதி சுற்றுவதை வேறொருவர் பார்க்கட்டும்,” என்று சொல்லிவிட்டுத் துணியை மேசையில் வைத்தார்.

பஸ் தரிப்பிடம்வரை அவளோடு போனான். அவமானத்தைவிட அவள் முகம்தான் அவனை வதைத்தது.

“சிவகலா, காலமை நான் உம்மைப் பேசினது பெரிய பிழை.”

“பேசினதை நான் மறந்திடுவன்,” என்றாள் அவள், தெருவைப் பார்த்தபடி. “நான் உள்ளுக்கு வரேக்கை நீங்கள் உங்கட கையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். பிறகும் என்னைக் கதைக்க விட்டனீங்கள்.”

பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள்.