ஒரு சாக்கு இடது கை

காலையில் தலை வாரக் கையைத் தூக்கினால் போதும், வலது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வலி இறங்கும். ஆடைக் கம்பெனியில் வாங்கிய சம்பளமெல்லாம் எப்போதோ செலவாகிவிட்டது. செலவாகாமல் மிச்சமிருப்பது இந்த வலி ஒன்றுதான். தங்கையின் கல்யாணத்து வாரத்திலும் இதே இடம்தான் வலித்தது. கவனிக்க நேரமில்லை.

கம்பெனியில் ஒருத்தியே முழுச் சட்டை தைக்க மாட்டாள். காலர் தைப்பவளுக்குக் காலர், பொத்தான் தைப்பவளுக்குப் பொத்தான். நான் கை வைப்பவள். நாள் முழுக்கச் சட்டைக்குக் கை வைத்துத் தள்ளிக்கொண்டே இருப்பேன். முழுச் சட்டை தைக்கச் சொல்லியிருந்தால் முழித்திருப்பேன்.

தங்கை மருந்துக்கடையில் பில் போட்டாள். மணமேடையில் அவளோடு நிற்க ஐந்து தோழிகள் வருவதாக இருந்தது. ஆளுக்கு ஒன்று ஞாபகமாகக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மாப்பிள்ளை வீடு எங்களைவிட வசதி. கடை கடையாக ஏறி இறங்கியும் எதுவும் கட்டுப்படியாகாமல் வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“வெறுங்கையோட வந்த கூட்டம்னு முதல் நாளே பேர் வாங்கணுமாக்கா?”

அந்த வாரம்தான் கட்டிங் மாஸ்டர் சொதப்பினார். மஞ்சள் துணி, ஒரு பக்கம் மட்டும் பூ அச்சு. அப்படிப்பட்ட துணியைப் பூ முகத்துக்குப் பூ முகம் வைத்து அடுக்கி வெட்டினால்தான் இடது ஒன்று, வலது ஒன்று என்று கைகள் ஜோடியாக விழும். மாஸ்டர் என்ன நினைப்பில் இருந்தாரோ, எல்லா அடுக்கையும் முகம் மேலே பார்க்க விரித்து வெட்டிவிட்டார். விழுந்தது அத்தனையும் இடது கை. மானேஜர் கத்திய கத்தலில் மாஸ்டர் அன்று சோற்றைத் தொடவில்லை. அந்தக் கைகளைத் திணித்துக் குப்பைக்குப் போக வைத்திருந்த சாக்கை நான் கேட்டதும், மானேஜர் கண்ணில் படாமல் போய்த் தொலைந்தால் சரி என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

பக்கத்து மிஷின்காரிக்குக் கம்பெனியில் பொத்தான் என்றே பெயர். வேலை விட்டதும் அவளும் என்னோடு எங்கள் ஒற்றை அறைக்கு வந்துவிடுவாள். கவிழ்த்துப் போட்ட டிரங்குப் பெட்டிமேல் வாடகைக் கைமிஷின். எனக்குத் தெரிந்தது கை ஒன்றுதானே, அதையே பையாக்கினேன். பக்கவாட்டில் ஒரு தையல் ஓட்டு, மணிக்கட்டுப் பக்கம் ஒரு மூடல். தோள் வளைவு மடங்கி மூடியாக விழுந்தது. பொத்தான் அதில் காஜா எடுத்துப் பொத்தான் வைத்தாள். எல்லாம் இடது கை என்பதால் எல்லா மூடியும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன.

தங்கை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சட்டைக் கையை அறுத்துக் குடுத்த மாதிரி இருக்காதா?”

“கல்யாணத்துக்குக் கை குடுங்கன்னு நீதானே கேட்ட? குடுத்தாச்சு,” என்றாள் பொத்தான்.

தங்கை சிரித்த சிரிப்பில் நூல்கண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அதன்பிறகு நூல் பிசிறு வெட்டும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஒரே மின்விசிறி, அதுவும் கடகடவென்று. பொத்தான் ஸ்ருதி இல்லாமல் பாடுவாள். அந்த அறை எனக்கு அவ்வளவு நிறைந்திருந்தது அப்போது மட்டும்தான்.

ஆறாவதாக ஒன்று பொத்தானுக்கே தைத்தேன். எங்கேயோ பொறுக்கி வைத்திருந்த பெரிய கோட்டுப் பொத்தானை அதற்கு வைத்துக்கொண்டாள். மிச்சக் கைகளை இரண்டு தலையணைக்குள் திணித்துத் தங்கையோடு அனுப்ப எடுத்து வைத்தோம். சாக்கு காலி.

கல்யாணக் கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் என்ன வேலை என்று கேட்டார்.

“கம்பெனியில கை வைக்கிறேம்மா.”

அவர் தன் கைப்பையை மெதுவாக மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“பயப்படாதீங்கம்மா, சட்டைக்குத்தான் வைப்பா,” என்றாள் பொத்தான். அந்தம்மாவுக்குச் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை.

போட்டோவுக்கு வரிசை கட்டினார்கள். தோழிகள் பையை முன்னால் பிடித்து நின்றார்கள். யாரும் கூப்பிடாமலே மாப்பிள்ளையின் தங்கை ஓடிப்போய்க் கடைசியில் நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அவர்கள் பையைப் பார்த்தாள், தன் வெறுங்கையைப் பார்த்தாள். அவளுடைய அம்மாவின் முகம் இறுகியது. மேடையிலிருந்து என் தங்கை என்னைத்தான் பார்த்தாள். என்னிடம் இன்னொரு பை இல்லை.

பொத்தான் என் முதுகுக்குப் பின்னால் திரும்பி நின்று, தன் பையிலிருந்த பஸ் காசையும் தலைவலி மாத்திரையையும் என் உள்ளங்கையில் கொட்டினாள். பையை உதறினாள். மேடையேறிவிட்டாள்.

“எங்கம்மா போன? உனக்குன்னு தனியாப் பெரிய பொத்தான் வச்சது இது. எவ்வளவு நேரமாத் தேடுறோம்.”

அந்தப் பெண் பையைத் தூக்கி அம்மாவிடம் காட்டினாள். அவருடைய முகம் தளர்ந்தது. தங்கை மூச்சு விட்டது எனக்குக் கீழேயே தெரிந்தது.

கம்பெனி இப்போது இல்லை. பொத்தான் மகளோடு வேறு ஊரில் இருக்கிறாள். போனில் பேசும்போதெல்லாம், “என் பை எங்கடி?” என்பாள். போன வருடம் வேறு துணியில் ஒன்று தைத்து அனுப்பினேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“இது வலது கைடி. எனக்கு வர வேண்டியது இடது கை.”

அந்த மஞ்சள் கைகள் தங்கை வீட்டுத் தலையணைக்குள் இருக்கின்றன. ஒன்று பிரித்துக் கொடு என்று கேட்டதற்கு, அது இல்லாமல் தனக்குத் தூக்கம் வராது என்று சொல்லிவிட்டாள்.

பொத்தானுக்கு நான் ஒரு பை பாக்கி. மஞ்சள் பூத்துணி, இடது கை. இன்னும் கொடுக்கவில்லை.