ஒப்படைக்காத நம்பர் பிளேட்

அலுவலகத்தில் என் பட்டப்பெயர் சிடுமூஞ்சி. வண்டிப் பதிவுக் கவுன்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து பாருங்கள், உங்கள் மூஞ்சியும் அப்படித்தான் ஆகும். நான் சேர்ந்தபோது வண்டிக்கு வெறும் ஐந்து இலக்கம். அது தீர்ந்துபோய் முன்னால் இரண்டு எழுத்து வந்தது. அதுவும் தீர்ந்துபோய், போன வருடம் மூன்று எழுத்தானது. ஒவ்வொரு முறையும் ஊரே வரிசையில் வந்து நின்று என் உயிரை வாங்கியது.

பழைய பிளேட்டைக் கழற்றிக் கொண்டுவர வேண்டும். அதில் ஓட்டை போட்டு டிரம்மில் எறிவேன். கணினியில் 'ஒப்படைக்கப்பட்டது, அழிக்கப்பட்டது' என்று பதிந்தால்தான் புது எண் வரும். கெடுவுக்குள் வராத வண்டியைப் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

கெடுவுக்கு நாற்பது நாள் இருந்தபோது ஒரு தையல்கார அம்மா வந்தார். வெறுங்கையோடு.

"பிளேட் எங்கம்மா?"

"வண்டியில இருக்கு தம்பி. வண்டி என் பையன்கிட்ட இருக்கு."

"அப்ப அவரை வரச் சொல்லுங்க. என்னை ஏன் படுத்துறீங்க?"

அவர் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். 'காணவில்லை' என்று ஓர் இளைஞனின் படம், கீழே பைக் எண். வேலைக்கென்று கிளம்பியவன் இரண்டு வருடமாக வீடு திரும்பவில்லை.

"வண்டி நம்பர் ஒண்ணுதான் பிடிமானம்னு போலீஸ்ல சொன்னாங்க. அதையும் நீக்கிட்டா அவனை எதை வச்சுத் தேடுறது?"

கண்ணில் காணாத வண்டிக்கு எண் கொடுத்தால் என் வேலைக்கே உலை. சுற்றுமுற்றும் பார்த்தேன். பிளேட்டை வாங்கி அழித்ததாகப் பதிந்து, புதுப் பிளேட்டைக் கொடுத்தேன்.

"இனிமே யாரும் நீக்க முடியாது. போயிட்டு வாங்க."

என் இரண்டு கைகளையும் அவர் விடவேயில்லை. அன்று சாயங்காலம் மனைவிகூட, "என்ன, இன்னைக்கு மூஞ்சி சிரிக்குது?" என்று கிண்டல் செய்தாள்.

அதன்பிறகு மாதம் ஒருமுறை வந்து தகவல் கேட்டுவிட்டுப் போவார்.

நேற்று ஒரு கடிதம் வந்தது. எங்கோ தொலைவில், மலைப்பாதையிலுள்ள காவல் நிலையத்திலிருந்து. பள்ளத்தில் ஒரு பைக், பக்கத்தில் எலும்புகள். அதிலிருந்த பழைய எண்ணைச் சோதித்தபோது 'அழிக்கப்பட்டது' என்று வந்ததாம். போலிப் பிளேட் என்று மேற்கொண்டு விசாரிக்காமல், அடையாளம் தெரியாதவர் என்றே புதைத்திருக்கிறார்கள். பைக் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அழித்த பிளேட் வெளியே எப்படி வந்தது என்று இப்போது என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள்.

அவர்கள் சோதித்த தேதியைப் பார்த்தேன். நான் பதிந்ததிலிருந்து பத்தொன்பதாம் நாள். அந்த அம்மாவை விதிப்படி விரட்டியிருந்தால், பழைய எண் இன்னும் இருபத்தொரு நாள் உயிரோடு இருந்திருக்கும். பாவம் பார்க்கிறேன் என்று அந்தப் பையனுக்கு மிச்சமிருந்த ஒரே அடையாளத்தையும் நானே அழித்துவிட்டேன்.

இன்று காலை அவர் வந்தார். துணியில் சுற்றிய புதுப் பிளேட்டைப் பிரித்துக் காட்டினார்.

"துரு ஏறக் கூடாதுன்னு எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சிருக்கேன் தம்பி. அவன் வந்ததும் மாட்டணுமில்ல? ஏதாவது தகவல் வந்துச்சா?"

கவுன்டரை மூடிவிட்டு வெளியே வந்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவரை பெஞ்சில் உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வந்திருக்கும்மா," என்றேன்.

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.