கன்னையன் கடைசியாகச் சொன்னது

தம்பியின் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் சித்ராதேவி. கைக்குக் கிடைத்தது ஒரு பனியன் துணி. முடிச்சுப் போட்டு விரலை எடுத்ததும் துணி இழுபட்டு, கன்னையனின் வாய் மறுபடி திறந்துகொண்டது.

"பனியன் துணி நிக்காது கண்ணு. வேட்டியில ஒரு முழம் கிழிச்சுக் கட்டு" என்றார் பெரியப்பா ஞானசம்பந்தம்.

வேட்டித் துணி நின்றது. நாற்பத்து மூன்று வருசமாக ஓயாத வாய் அது. யார் எதைச் சொன்னாலும் சொன்னவர் குரலிலேயே திருப்பிச் சொல்லும். "சாப்புட்டியா கன்னையா?" என்று கேட்டால் "சாப்புட்டியா கன்னையா?" என்றுதான் பதில் வரும். அவனால் அடக்க முடியாது. நக்கல் செய்கிறான் என்று நினைத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அடித்தார். அடித்தபடி அவர் திட்டியதையும் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லி, அதற்கும் அடி வாங்கினான். அம்மா காலமான பிறகு சித்ராதேவி அவனை வேலம்பாளையத்துக்குக் கூட்டிவந்து, இரண்டு தெரு தள்ளியிருந்த பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டச் சேர்த்துவிட்டாள். தைத்து வரும் துணியில் தொங்குகிற நூலைக் கத்தரிக்க வேண்டும்; அவ்வளவுதான். அந்த வேலைக்குப் பேச்சு வேண்டாம்.

வாசல் பந்தலில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். குன்னத்தூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், "ஏனுங்க, கடைசியா ஏதாச்சும் பேசுனானுங்களா?" என்று விசாரித்தார்.

"பேசுனானாவா?" ஞானசம்பந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கந்தன் பேரச் சொல்லிட்டுப் போயிருக்கானுங்க. பழனிக்கு வருசா வருசம் நடந்தே போறேன், எனக்கு அது வாய்க்குமான்னு தெரீலீங்க. நீயே சொல்லு கண்ணு, எப்படிச் சொன்னான்?"

காலையிலிருந்து ஐந்தாறு முறை சொல்லியாயிற்று. சித்ராதேவி மறுபடியும் சொன்னாள். இருதயம் வீங்கிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பி மூன்று நாள். இன்று விடிந்ததும் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய உட்டுட்டுப் போயிராதடா" என்று அழுதாள். அதையே அவள் குரலில் திருப்பிச் சொல்வான் என்று நினைத்தாள். அவன் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து முதன்முறையாக, கேட்டதைத் திருப்பிச் சொல்லவில்லை.

"காந்தனா. மூ ஆசுச்சி. அப்படின்னானுங்க. ரெண்டு தடவ. அப்பறம் மூச்சு இல்ல."

பெரியப்பா கைகளைக் குவித்தார். உறவுக்காரரும் துண்டை இடுப்புக்கு இறக்கிக் கைகூப்பினார். "கந்தனா, ஆச்சுன்னு கூப்புட்டிருக்கான். முருகா!"

பந்தல் ஓரத்தில் கன்னையனோடு வேலை பார்த்த நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அதில் மெலிந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சட்டென்று முன்னால் வந்தாள்.

"அக்கா, நம்ம பேரு மினதி. ஒடிசா. அது சாமி பேரு இல்ல அக்கா. அது நம்ம பேச்சு."

சித்ராதேவிக்குப் புரியவில்லை.

"அண்ணா நம்ம பக்கத்துல உக்காரும். நம்ம பையன் ஊர்ல அம்மாகிட்ட இருக்கு. அஞ்சு வயசு. சாப்பாட்டு டயம் போன் பண்ணும், அழுவும். நம்ம சொல்லும், காந்தனா, மூ ஆசுச்சி." அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "அழாத. நான் வந்துட்டே இருக்கு."

பந்தலுக்கு வெளியே ஒரு டெம்போ முக்கிக்கொண்டு போனது. சித்ராதேவி மினதியின் அருகில் போனாள். பிறகு கேட்டாள்.

"தெனமும் சொல்லுவியா?"

"இல்ல அக்கா. பையன் அழுவும்போது மட்டும்தான். சிரிச்சா வேற பேசும்."

அழும்போது மட்டும். மகன் செந்தில்வேலை விடுதியில் விட்டுத் திரும்பிய அன்று அடுப்படியில் உட்கார்ந்து அவள் அழுதபோது, கன்னையன் கதவோரம் நின்று இதைத்தான் சொன்னான். அம்மாவின் திதியன்று படத்துக்கு முன்னால் கண் கலங்கியபோதும் இதேதான். இரண்டு முறையும் அவள் சாமியை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு முறையும் அவன் அவளைப் பார்க்கவில்லை; மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரோ ஒருத்தி, எங்கோ இருக்கும் பிள்ளைக்குச் சொன்னதைப் பொறுக்கி எடுத்து, எதற்கு ஆகும் என்று தெரிந்து வைத்திருந்திருக்கிறான். இத்தனை வருசமும் அவனுக்குள் ஒருவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

"அந்தப் புள்ள என்ன கண்ணு சொல்லுது?" பெரியப்பா கேட்டார்.

அவர் கண்கள் இன்னும் ஈரமாக இருந்தன. கைகள் குவிந்தபடியே இருந்தன.

"ஒண்ணுமில்லீங்க பெரியப்பா. தம்பி பக்கத்துல உக்காந்து வேல பாத்தவளாமா."

பகல் இரண்டு மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் பின்னால் போக, மற்ற பெண்கள் கலைந்தார்கள். மினதி மட்டும் போகவில்லை. இங்கே என்ன முறை என்று அவளுக்குத் தெரியாது. சித்ராதேவி சேலையை இழுத்துச் செருகிக் குடத்து நீரைத் தரையில் கொட்டியதும், கேட்காமலேயே மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

ஒருத்தி ஊற்ற ஒருத்தி தள்ளினாள். கன்னையனின் கட்டிலுக்கு அடியிலிருந்து, அவன் சட்டையில் ஒட்டி வந்து உதிர்ந்த பஞ்சுத் துகள்கள் வெள்ளையும் சிவப்பும் நீலமுமாக மிதந்து வந்து, வாசற்படியில் கொஞ்சம் தேங்கி, பிறகு தண்ணீரோடு தெருவுக்கு இறங்கின.