பவழமல்லிக்கு ஒதுங்கிய சுவர்

செத்த செடியை வெட்டினால் பாவமில்லை என்றார் மாமா. செத்ததை யார் பார்த்தது என்றேன் நான். எங்கள் வீட்டில் மாமாவுக்கு எதிர்வார்த்தை சொல்கிற ஒரே ஆள் நான்தான். அதற்காக யாரும் என்னைக் கடிந்துகொண்டதில்லை. பெரும்பாலும் நான் சொல்வது சரியாகவே இருந்துவிடும், அதுதான் காரணம்.

தகராறு பின்பக்கத் தோட்டத்தில் நின்ற பவழமல்லியைப் பற்றியது. பங்குனி மாதம். ராஜகிரிப் பாறை பகலெல்லாம் வாங்கிவைத்த சூட்டைச் சாயங்காலம் ஊருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. செடியில் பேருக்குக்கூட ஓர் இலை கிடையாது. துடைப்பத்தைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி சாம்பல் நிறக் குச்சிகள் மட்டும் நின்றன.

என் மாமனார் சம்பவநாதன் நயினார் செஞ்சி கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மூட்டை அடுக்க வீட்டின் பின்னால் ஒரு குடோன் கட்ட வேண்டுமென்று அலையாய் அலைந்து சிமெண்டுக்குப் பர்மிட் வாங்கியிருந்தார். கொத்தனார் ஆதிமூலம் வந்து கயிறு கட்டிச் சுண்ணாம்பில் கோடு போட்டார். கோடு நேராகச் செடியின் வேர்மேல் போய் உட்கார்ந்தது.

நான் தொண்டூரிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது பித்தளைப் பாத்திரங்களோடு ஒரு நெய் டின்னில் இந்தக் கன்றையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். எங்கள் அம்மா கிணற்றடியில் வளர்த்த தாய்ச்செடியின் காலடியில் முளைத்த கன்று. அடுத்த வருஷம் அம்மா போய்விட்டாள். அதற்கடுத்த மாசியில் அண்ணன் பம்ப்செட் ரூம் கட்டினான். இலை உதிர்ந்து நின்ற தாய்ச்செடியைப் பார்த்து, “பட்டுப்போச்சு” என்று சொல்லி வெட்டிவிட்டான். வெயிலில் இலையைக் கொட்டுவதும் மழையில் துளிர்ப்பதும் பவழமல்லியின் குணம் என்று அம்மா அவனுக்குச் சொன்னதில்லையா, அவன் கேட்டதில்லையா, தெரியாது. எனக்கு அம்மா என்று தொட்டுப் பார்க்க மிச்சமிருந்தது இந்தக் குச்சிகள்தான். அவற்றையும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அது என் வாய்க்கொழுப்பு. நாங்கள் சமணர்கள். மாமா ஒரு விரதம் வைத்திருந்தார். பறித்த பூவை ஜினருக்கு வைக்கமாட்டார், பறிப்பதும் ஓர் உயிரை நோகச் செய்வதுதான் என்பார். எங்கள் பூஜை அறையில் அரிசியும் கிராம்பும்தான் பூவுக்குப் பதில். புதுப்பெண்ணாக வந்த அன்றே நான், “இந்தப் பூவப் பறிக்கவே வேணாம் மாமா, விடியறப்போ தானா உதிரும். ஒரு தீபாவளிக்கு உங்க ஜினர் காலடியில பூ வெக்கறேன், பாருங்க” என்று சொல்லிவிட்டேன். எங்களுக்குத் தீபாவளி மகாவீரர் முக்தியடைந்த விடியல். அன்றைக்குப் பூஜை பெரிது. வாக்கும் பெரிதாகப் போய்விட்டது. இதுவரை சின்னக் கன்றாக நின்ற செடி பூத்ததுமில்லை, அது இலை கொட்டுவதை வீட்டில் யாரும் கவனித்ததுமில்லை.

உயிர் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டினால் போதும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர், பழுப்பென்றால் விறகு. நான் நகத்தை வைத்தேன். மாமியார் தர்மவதி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். செடிக்கு ஊற்றும் தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டி ஊற்றுகிறவர் அவர்.

“இன்னாம்மா பண்றே? உயிர் இருந்தா அதுக்கு வலிக்காதா?”

“இல்லேன்னா அத்தே?”

“இல்லேன்னா எதுக்குச் சுரண்டணும்?”

உலகத்தில் வேறு எந்த வீட்டிலாவது ஒரு செடி இப்படிச் சிக்கிக்கொண்டிருக்குமா? உயிர் இருப்பதைக் காட்டினால் அது பாவம். காட்டாவிட்டால் வெட்டு.

மண்டியில் மாமாவுக்கு உதவியாக இருந்த என் கணவர் அஜிததாஸை இழுத்துவந்து, நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். அவர் செடியைப் பார்த்தார், அவருடைய அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதையும் பல பக்கமாகப் பார்க்கச் சொல்லும் சமணப் பாடத்தை மடத்தில் கேட்டவர். “ஒரு விதத்துல பாத்தா உயிர் இருக்குது. இன்னொரு விதத்துல பாத்தா இல்ல” என்றார்.

“ஒரு விதத்துல பாத்தா இன்னைக்கு உங்களுக்குச் சோறு இருக்குது. இன்னொரு விதத்துல பாத்தா இல்ல” என்றேன். அவர் மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஆதிமூலம் கோடாலியோடு வந்தார். மாமா கிணற்றடியில் நின்றார். கெஞ்ச எனக்கு வராது. அழுதால் அத்தை என் பக்கம் சாய்வார், மாமா சாயமாட்டார். மாமாவிடம் எது செல்லும் என்று எனக்குத் தெரியும். அனந்தபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிற குடியானவர்கள் மற்ற மண்டிகளைத் தாண்டி எங்கள் மண்டிக்கு வருவதற்குக் காரணம் அவர் தராசு இல்லை, அவர் வாய். தெரியாததைத் தெரியும் என்று அந்த வாய் சொன்னதில்லை.

“மாமா, இதுக்கு உயிர் இல்லேன்னு உங்க வாயால சொல்லுங்க. பூஜை ரூமைப் பாத்து நின்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா கோடாலிய நானே எடுத்துக் குடுக்கறேன்.”

அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டார். மாமா செடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து வேரைப் பார்த்தார். நிமிர்ந்து நுனியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் நிமிர்ந்தே நின்றேன். ஆனால் இந்த வருஷம் வெயில் கொடுமை. உண்மையிலேயே செத்திருந்தாலும் செத்திருக்கும்.

மாமா வாயை மூடிக்கொண்டார். “ஆதிமூலம், சுவர உள்ள தள்ளிக் கட்டு.”

“நயினாரே, இங்க மட்டும் வளச்சா ஊரே சிரிக்கும். அதுவுமில்லாம சுவர வளைக்கலாம், கூரை ஓட்ட வளைக்க முடியாதே.”

“ஓடு நேராவே வரட்டும். சுவர் ஒதுங்கிக்கட்டும்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “தீபாவளிக்கு இதோட பூ ஜினர் காலடியில இருக்கணும். இல்லேன்னா நீயே உன் கையால வேரோட எடுத்துடணும். செரியா?”

“செரி மாமா.”

“யோசிச்சு சொல்லு.”

“யோசிச்சுதான் நெய் டின்னுல கொண்டாந்தேன்.”

அப்படியாக, எங்கள் குடோன் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி எழுந்தது. சுவர் செடியைச் சுற்றி உள்ளே வளைந்தது, ஓடு மட்டும் நேராக இறங்கிப் பாதிச் செடிக்குக் கூரையானது. கடைத்தெருவில் கோணல் குடோன் என்று பெயர் வைத்தார்கள். மாமா அதில் மூட்டைகளை அடுக்கினார்.

ஆனியில் ஒரு மழை பெய்தது. மூன்றாம் நாள் அத்தை பின்கட்டிலிருந்து கூப்பிட்ட கூப்பாட்டில் நான் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடினேன். குச்சியின் கணுக்களில் அரிசி அளவுக்குப் பச்சை. அத்தை அழுதுகொண்டிருந்தார். நான் அழவில்லை, ஊரைக் கூட்டிக் காட்டலாமா என்று யோசித்தேன். “நான் சொல்லல?” என்று அன்று எத்தனை தடவை சொன்னேனோ, என் கணவர் காதைப் பொத்திக்கொண்டார்.

ஆவணியில் புழு வந்தது. விரல் தடிமனில் பச்சைப் புழு, வாலில் ஒரு கொம்பு. ஒன்று ஒரு கிளையை மொட்டையடித்துவிடும். வேறு வீடாக இருந்தால் நசுக்கிப் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் புழுவுக்கும் ஒரு வழி செய்ய வேண்டும். எடுத்துத் தெருவில் போட்டால் பசியில் சாகுமே என்றார் அத்தை. எள்ளுச் செடியையும் அது தின்னும் என்று கேள்விப்பட்டு, என் கணவர் அவற்றை முறத்தில் இலையோடு ஏந்திப்போய் எங்கள் எள்ளுக்கொல்லையின் ஓரத்தில் விட்டுவந்தார். அந்த வருஷம் எள்ளு ஏன் குறைந்தது என்று மாமா கேட்டார். ஒரு விதத்தில் பார்த்தால் குறைந்தது, இன்னொரு விதத்தில் பார்த்தால் இல்லை என்றார் மகன்.

புரட்டாசி போயிற்று. ஐப்பசியும் பாதி போயிற்று. மொட்டு வரவில்லை. நான் நடையில் மிடுக்கைக் குறைக்கவில்லை, பேச்சையும் குறைக்கவில்லை. ஆனால் தனியாக இருக்கும்போது செடியிடம் போய், “மானத்த வாங்கிடாத” என்று கெஞ்சியது உண்டு. ஒரு நாள் இலைக்கு நடுவே கொத்தாய் மொட்டுகள். தீபாவளிக்கு முந்தின சாயங்காலம், நாங்கள் பொழுது சாயுமுன் சாப்பிட்டு எழுந்த நேரத்தில், அவை அவிழ ஆரம்பித்தன. அம்மா வீட்டு வாசனை அந்தக் கோணல் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று படுத்தேன்.

படுத்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

ஐப்பசி மழையைக் குறைசொல்ல முடியாது, அது அதன் வேலை. ஆனால் பவழமல்லி மழையைத் தாங்குகிற பூ இல்லை. ஒரு துளி சேறு பட்டால் போயிற்று. சேற்றுப் பூவை ஜினருக்கு வைக்க முடியாது. வாக்கு வாக்குதான். என் கையாலேயே பிடுங்க வேண்டும். அன்று மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது.

விடிந்தும் விடியாமலும் கூடையோடு ஓடினேன். செடியின் வெளிப்பக்கம் முழுக்கச் சேறு. பூக்களெல்லாம் அதில் நனைந்த அப்பளமாகக் கிடந்தன. ஒன்றுகூடத் தேறாது. கூடையைக் கீழே போட்டேன்.

“இன்னாத்துக்கு அங்க நிக்கறே? இங்க வா.”

குரல் சுவரின் வளைவிலிருந்து வந்தது. குளித்து, மடி வேட்டி கட்டிக்கொண்டு, மாமா அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்குமேல் நேராக இறங்கிய ஓடு. அதன் கீழே ஒரு சொட்டு ஈரமில்லாத மண். அதன்மேல் வெள்ளை வெள்ளையாய், பவழக் காம்பு மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்த பூக்கள். ஒவ்வொன்றாக எடுத்து, எறும்பு இருந்தால் மெல்ல ஊதிவிட்டுத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டிருந்தார். எப்போது எழுந்து வந்தாரோ, தாம்பாளம் நிறைந்திருந்தது.

பூஜை அறையில் முதல் பூவை அவர் வைப்பார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் தாம்பாளத்தை என்னிடம் நீட்டினார்.

“உங்கம்மா வளத்த பூ. நீ வை.”

இரண்டு கையாலும் அள்ளி ஜினர் காலடியில் வைத்தேன். கண் மறைத்தது. அம்மா, பார்த்தாயா என்று மனசுக்குள் கேட்டேன்.

தை முடிந்து இலை மறுபடி கொட்டியது. மாசியில் குடோனுக்கு வெள்ளையடிக்க ஆதிமூலம் வந்தார். செடியைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

“நயினாரே, இவ்ளோ பண்ணியும் செடி செத்துப்போச்சே!”

மாமா மூட்டை எண்ணுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். வளைந்த சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

“செத்துதுன்னு உன் வாயால சொல்லு. பூஜை ரூமைப் பாத்து நின்னு சொல்லு, பாக்கலாம்.”