அப்பாவுக்குப் போட்ட நீலக் குழாய்

தாழ்வாரத்து வாசலில் கிடந்த நீலக் குழாய் தடுக்கி லூக் விழப் பார்த்தான். காலையில் சேதி கேட்டு பாஸ்டனிலிருந்து அடித்துப்பிடித்து வந்தவன். அப்பாவின் உடலை ஏற்றிக்கொண்ட வண்டி அப்போதுதான் பனிச்சேற்றில் சறுக்கிச் சறுக்கி வளைவைத் தாண்டியிருந்தது.

"என்னக்கா இது? மேப்பிள் தோட்டத்துக் குழாய்தானே? வீட்டுக்குள்ள எதுக்கு வந்துச்சு?"

அக்கா ஜீனெட் உள்ளே திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் ஆக்ஸிஜன் மெஷின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

லூக் குழாயைப் பிடித்துக்கொண்டே போனான். மெஷினிலிருந்து கிளம்பிய மெல்லிய குழாய் கதவருகே நீலமாக மாறி, தாழ்வாரத்தில் அப்பாவின் நாற்காலியருகே மறுபடி மெல்லியதாகி, மூக்கில் செருகும் முனையோடு முடிந்தது.

"மரத்துல சாறு இறக்குற குழாயை அப்பா மூக்குக்குக் குடுத்தியா? உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?"

"அவர்தான்டா கேட்டாரு."

கேட்டார்தான். மார்ச் வந்தால், மேப்பிள் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகையின் மேல் ஆவி எழுவதைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்க்காவிட்டால் அப்பா அர்மாண்டுக்குச் சாப்பாடு இறங்காது. ஆக்ஸிஜன் கம்பெனிக்காரன் கொடுத்த மெல்லிய குழாயோ குளிரில் விறைத்து, சுருள் பிரியாமல் மல்லுக்கு நிற்கும். நீளமும் பத்தாது. ஜீனெட் சிலிகான் குழாய் வாங்கிப் பார்த்தாள். அது எந்தக் குளிரிலும் மெத்தென்றுதான் இருந்தது, வெந்த சேமியா மாதிரி. கதவு பட்டதுமே நசுங்கிக் காற்று நின்றுவிட்டது. அர்மாண்ட் மூச்சு வாங்கச் சிரித்தார். "நம்ம நீலத்தைப் போடும்மா. மான் மிதிச்சாலும் நசுங்காது. மரத்தை உறிஞ்சினது போதும், கொஞ்சம் எனக்கும் ஊட்டட்டும்."

போட்டுக் கொடுத்தாள். இன்று காலை காபியோடு வந்தபோது நாற்காலியில் அவர் தலை சாய்ந்திருந்தது.

இப்போது அவள் கண் இரண்டு குழாய்களும் சேரும் மூட்டிலேயே நின்றது. விறைப்பான நீலக் குழாயும் இந்த மெல்லிய குழாயும் குளிரில் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. மூட்டு கழன்றுகொள்ளும். வருஷா வருஷம் மேப்பிள் தோட்டத்தில் முழங்கால் பனியில் நடந்து அந்த ஒழுகலைத்தானே தேடி அலைகிறாள்! காலையில் மூட்டைத் தொட்டுப் பார்த்தாளா? பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

"லூக், நான் கொன்னுட்டேனாடா?"

கத்தியவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "நர்ஸ் வந்து, வயசாச்சு, நுரையீரல் ஓஞ்சுபோச்சுன்னுதானே சொன்னாங்க..."

"அவங்க மூட்டைப் பார்க்கலையே."

ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து மூக்கு முனையை அதில் முக்கினாள். குமிழ் ஒன்றும் வரவில்லை. லூக் அவள் முகத்தைப் பார்த்தான். பதற்றத்தில் அவளேதான் மெல்லிய குழாயை நசுக்கிப் பிடித்திருந்தாள். பிடி தளர்ந்ததும் குமிழ்கள் மளமளவென்று கிளம்பின.

"வருதுக்கா! நல்லா வருது!" லூக் அழுதேவிட்டான்.

ஜீனெட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. மூட்டுகளைத் தடவிப் பார்த்தாள். இரண்டும் இறுக்கமாகத்தான் இருந்தன.

"அப்புறம் ஏன்டா செத்தாரு?"

லூக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "மெஷினை அணைச்சிடட்டுமா?"

"இரு. கொஞ்சம் ஓடட்டும்."

டம்ளரை நாற்காலியின் கையில், ஆறிப்போன காபிக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டே இருந்தது.