கொடிமரத்தடி வீரர் அ அ அ

போர் தொடங்கிய பதினேழாம் நாள், திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில், ஆரணி சரிகைக்காரத் தெரு மேல்நிலைப்பள்ளிக்கு உலகத்தில் இல்லாத ஒரு ராணுவ வீரர் வந்து சேர்ந்தார். ஆறடி உயரம். பெயர் அ அ அ, ஊர் ஆ ஆ ஆ. சட்டைப் பைக்கு மேலே அப்படித்தான் தைத்திருந்தது. அவர் காலைச் சுற்றி இரண்டு முழத்துக்குப் பனி கொட்டிக் கிடந்தது. அன்றைக்கு ஆரணியில் வெயில் நூற்றிரண்டு டிகிரி. நேராகக் கொடிமரத்தடிக்குப் போய் விறைப்பாக நின்றுகொண்டார். தலைமையாசிரியர் பிரபாகரன் அவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், முதலில் வாழ்த்துப்பாடல் முடியட்டும் என்று கையைக் காட்டினார்.

எல்லாம் ஒரு சுற்றறிக்கையால் வந்த வினை. சண்டை நடந்த எல்லை ஆரணியிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஆனாலும் பள்ளி மன்றங்கள் கைகொடுக்காமல் போரை ஒழுங்காக நடத்த முடியாது என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. எந்த மன்றம் என்ன செய்தது, எத்தனை பேர், போட்டோ எங்கே என்று தினமும் நாலு மணிக்குள் இணையத்தில் ஏற்றியாக வேண்டும். சுற்றுச்சூழல் மன்றம், விமானத்துக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று, வேப்பமரங்களுக்குப் பச்சை வர்ணம் அடித்தது. ஜூனியர் ரெட் கிராஸ் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு, அவிழ்க்கத் தெரியாமல் அப்படியே பஸ் ஏறிப் போக, முள்ளிப்பட்டில் பெற்றவர்கள் தறியை விட்டு இறங்கி ஓலமிட்டார்கள். என்.எஸ்.எஸ். நடத்திய விமானத் தாக்குதல் ஒத்திகை இன்னும் விசேஷம். சங்கு ஊதினால் கட்டிலுக்கு அடியில் படுக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தார்கள். இந்த ஊரில் சங்கு ஊதினால் தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவது மூன்று தலைமுறைப் பழக்கம். பதினொரு மணிக்கு ஊதினார்கள். ஊரே கையைக் கழுவிக்கொண்டு இலைமுன் உட்கார்ந்தது. தாக்குதலில் சேதம் ஏதுமில்லை என்று அறிக்கை போயிற்று.

இலக்கிய மன்றத்தின் பங்கு கடிதம். தமிழாசிரியை புஷ்பலதா கரும்பலகையில் பதினொரு வரி எழுதினார். பனியில் நிற்கும் வீரரே, பசி மறந்தவரே, தூக்கம் துறந்தவரே, குண்டுகளை மார்பில் பூவாக ஏற்பவரே, நீங்கள் விழித்திருப்பதால் நாங்கள் உறங்குகிறோம் என்றெல்லாம் போயிற்று அது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதினார்கள். பரீட்சையில் கடிதம் எழுதினால் சொந்தப் பெயரும் விலாசமும் போடக்கூடாது, விடைத்தாள் யாருடையது என்று தெரிந்துவிடும், அதனால் அனுப்புநர் என்ற இடத்திலும் பெறுநர் என்ற இடத்திலும் அ அ அ, ஆ ஆ ஆ என்றே போட வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்குப் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்ட பாடம். போட்டார்கள். மூன்று சாக்கில் கட்டிப் பெட்டியில் கொட்டினார்கள். தபாலும் விலாசம் தப்பாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் வந்து நின்றதுதான் அத்தாட்சி.

அவர்களில் ஒரே ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதினாள். அவள் ரேணுகாதேவி, பதினோராம் வகுப்பு, இலக்கிய மன்றச் செயலாளர். படவேட்டிலிருந்து காலை ஆறரைக்கு ஒரு பஸ், அதை விட்டால் பள்ளிக்கூடம் இல்லை என்ற கணக்கில் வந்து போகிறவள். அவள் அண்ணன் ஜெயவேல் நிஜமாகவே அந்த எல்லையில் நிஜமான துப்பாக்கியோடு இருந்தான். ஒன்பதாம் நாள் போன் செய்து, சிக்னல் இல்லை, அப்புறம் பேசுகிறேன் என்றான். அந்த அப்புறம் வரவே இல்லை. அம்மா செல்லம்மாள் போனைப் புடவை மடிப்பிலேயே செருகிக்கொண்டு களையெடுத்தாள். ரேணுகா கடிதத்தில் அண்ணன் பெயரும் படைப்பிரிவு எண்ணும் எழுதியதைப் பார்த்த புஷ்பலதா டீச்சர் அதை நாலாக மடித்து மேசை டிராயருக்குள் போட்டுவிட்டார்.

"மிஸ், அது எங்கண்ணனுக்கு மிஸ்."

"பேரு போட்டா மார்க் போயிடும், தெரியும் இல்ல?"

"இதுக்குத்தான் மார்க்கே இல்லியே மிஸ்."

"இன்னைக்கு மார்க் இல்லன்னு போட்டா நாளைக்குப் பரீட்சையிலயும் கை தானா போடும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வீரர் வந்தபிறகு பள்ளி ஒரு வாரம் ஒரு நிலையில் இல்லை. யாருடைய வீரர் என்று மன்றங்களுக்குள் சண்டை. என்.சி.சி. சீருடையைக் காட்டி உரிமை கேட்டது. ரெட் கிராஸ் கட்டுப் போட ஆசைப்பட்டு அவர் சட்டையைத் திறந்தால், மார்பெல்லாம் சாமந்திப் பூ. பறிக்கப் பறிக்கப் பூத்தது; ஆயுதபூஜைக்குப் பூ வாங்கும் செலவு மிச்சம் என்று பிரபாகரன் சார் குறித்துக்கொண்டார். சத்துணவுக்கூடத்தில் தட்டு நிறையப் போட்டுக் கொடுத்தார்கள், தொடவில்லை. படுக்கச் சொன்னார்கள், படுக்கவில்லை. பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் அவர் காலடிப் பனியில் செருகி வைத்தார்கள். நாலு மணிக்குப் போட்டோ தவறாமல் போயிற்று, மேலிடம் பாராட்டிப் பதில் போட்டது.

ஒரு மத்தியானம் ரேணுகாதேவி அவரிடம் போய், ஜெயவேல் என்று ஒருவர், படவேடு, இடது புருவத்தில் தழும்பு இருக்கும், பார்த்தீர்களா என்று கேட்டாள். அவர் அவளைக் கனிவாகத்தான் பார்த்தார். "நான் விழித்திருக்கிறேன், நீங்கள் உறங்குங்கள்," என்றார். மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னார். பாவம், அந்த மனிதருக்குத் தெரிந்ததே பதினொரு வரி. ரேணுகாவுக்கு அழுகை வந்தது, அழுகையோடு ஆத்திரமும் வந்தது, ஆத்திரம் அடங்கும்போது ஒன்று புரிந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்து பசி இல்லாதவர் என்று எழுதினால் பசி இல்லாமல் ஒருவர் வந்து நிற்கிறார். அப்படியானால் பசி உள்ளவன் என்று எழுதினால்?

காலாண்டுத் தேர்வு வந்தது. போர்க்காலம் என்பதால் எல்லா வகுப்புக்கும் தமிழில் ஒரே கடிதக் கேள்வி: எல்லையில் பணியாற்றும் வீரருக்குக் கடிதம் எழுதுக, ஐந்து மதிப்பெண். கேள்வி என்னவென்று முந்தைய வாரமே ஊருக்குத் தெரிந்திருந்தது, அது எந்தப் பரீட்சையிலும் நடப்பதுதான். ரேணுகாதேவி மன்றச் செயலாளர் என்ற முறையில் வகுப்பு வகுப்பாகப் போய்ப் புதிதாக ஒரு கடிதம் சொன்னாள். பெயர் ஜெயவேல். ஊர் படவேடு. உங்களுக்குப் பசிக்கும். தூக்கம் வரும். குளிரும், பயமாகவும் இருக்கும். அம்மா புளிக்குழம்பு வைத்திருக்கிறாள், புறப்பட்டு வாருங்கள். நிஜப் பெயர் போட்டால் தலைக்கு ஒரு மார்க் வெட்டுவார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். நாட்டுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று பேச்சுப்போட்டியில் கப் வாங்கிய பிள்ளைகள்கூட நகத்தைக் கடித்தார்கள். உயிர் வேறு, மார்க் வேறு அல்லவா? கடைசியில் பட்டுக்கடைக்காரர் மகள் ஹேமலதா, ஆறாம் வகுப்பிலிருந்து முதல் ரேங்கை யாருக்கும் விடாதவள், எழுந்தாள்.

"ஒரு மார்க்குதான போவுது," என்றாள். "போவட்டும். அவங்கம்மா எத்தினி நாளா போனைப் பாத்துகினு கீறாங்க."

ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பேரும் எழுதினார்கள். அந்தப் போரில் ஆரணி செய்த தியாகம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். புஷ்பலதா டீச்சர் சனி ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து திருத்தினார். ஒவ்வொரு தாளிலும் ஒரு மார்க் வெட்டினார், விதி விதிதானே. ஆனால் முந்நூறாவது தாளுக்குமேல் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். கடைசித் தாள் முடிந்ததும் டிராயரைத் திறந்து அந்த மடித்த கடிதத்தை எடுத்து, கையோடு தபாலில் சேர்த்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை படவேட்டு பஸ்ஸிலிருந்து ஜெயவேல் இறங்கினான். புருவத்தில் தழும்பு இருந்தது. வாசலில் பையைப் போட்டுவிட்டுப் பசிக்கிறது என்றான். மூன்று தட்டுப் புளிக்குழம்பு சோறு தின்றான், இரண்டு நாள் தூங்கினான், தூக்கத்தில் பயந்து கத்தினான். செல்லம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினாள். அந்த வாரமே போர் முடிந்தது. இரண்டு பக்கமும் ஜெயித்ததாக அறிவித்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, யாரோ தாலுகாவை மாற்றி எழுதியதால் சேத்துப்பட்டெல்லாம் சுற்றிவிட்டு, முத்திரை வைத்த உறை ஒன்று வந்தது. தபால்காரரே பிரித்துப் படித்தார். போரின் பத்தாம் நாள் ஜெயவேல் வீரமரணம் எய்தினார் என்று இருந்தது. படித்தவர் தலையைத் தூக்கினால், எதிரே ஜெயவேல் பம்புசெட்டுக்குப் போகத் துண்டை உதறிக்கொண்டிருந்தான். செல்லம்மாள் உறையை வாங்கிப் புடவை மடிப்பில் செருகிக்கொண்டாள். பிறகு தபால்காரருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வந்தவன் சாப்புடறான்," என்றாள். "எனக்கு அது போதும்."

ஊரும் அதோடு விட்டுவிட்டது. ரேஷன் கார்டில் பெயர் இருந்தது, ஓட்டுப் போட்டான், தை மாதம் பெண் பார்த்தார்கள். பள்ளியில் அ அ அ இன்னும் நிற்கிறார், கோடையில் அவரைச் சுற்றித்தான் கூட்டம். ரேணுகாதேவிக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அண்ணன் அவள் ஒல்லிச் சடையைப் பிடித்திழுத்து எலிவாலு என்று கூப்பிடுவான், அதற்காகவே அவனோடு தினமும் சண்டை நடக்கும். வந்தவன் ரேணுகா என்றுதான் கூப்பிட்டான். அவள் அதை எழுத மறந்திருந்தாள்.

மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வில், தெருவிளக்கைச் சரிசெய்யக் கோரி நகராட்சிக்குக் கடிதம் கேட்டிருந்தார்கள். அவள் அண்ணனுக்கு எழுதினாள், பெயரும் ஊரும் போட்டு, எலிவாலைப் பற்றி மட்டும். ஐந்து மார்க்கும் போயிற்று, அந்த ஐந்து மார்க்கில் அவள் கேட்ட கல்லூரியும் போயிற்று. விடைத்தாள் திருத்தி முடிந்த வாரம், ஒரு சாயங்காலம், வயலிலிருந்து வந்த ஜெயவேல் பின்னாலிருந்து அவள் சடையை வெடுக்கென்று இழுத்தான். "ஏய் எலிவாலு, சோத்தப் போடு," என்றான். ஒரு தாள்தானே, அதனால் ஒரு தடவைதான். அதற்குப்பிறகு அவன் அப்படிக் கூப்பிடவே இல்லை. ரேணுகாதேவி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு வா என்று அவனை அதட்டினாள்.